பின்சக்கர ஹப்பும் ஒரு சண்டையும்

என் வீட்டுக்காரர் கார் வாங்கவில்லை, தானே கட்ட ஆரம்பித்தார். இதைச் சொன்னால் எங்கள் கிள்ளான் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் "அத ஓட்ட ரோட் டேக்ஸ் லைசன்ஸ் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய குழாயும் இரும்பும் எங்கள் வீட்டு வாசல் போர்ச்சை அடைத்துக்கொண்டன. துணி காயப்போட இடமில்லை என்று நான் தினமும் கத்துவேன். அவரும் சளைக்காமல் திருப்பிக் கத்துவார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷனுக்கு மெதுவாகப் பேசியே பழக்கமில்லை. எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது, ஒரு குறையும் இல்லாமல்.

போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. இடது கை மட்டும் பலமிழந்து போனது. அதைவிட மோசம், மனுஷன் அமைதியாகிவிட்டார். சாம்பாரில் உப்பே இல்லாத அன்றைக்கும் "நல்லாருக்கும்மா" என்று சாப்பிட்டு எழுந்து போனார்.

பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சனிக்கிழமைகளில் ரயில் பிடித்து வருவாள். வந்ததும் எனக்குப் பாடம். "அம்மா, அப்பாகிட்ட மெதுவா பேசுங்க. டென்ஷன் பண்ணாதீங்க." நானும் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே பேசினேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு என் பழைய புருஷன் வேண்டும், அவ்வளவுதான். அவரை எங்கே போய்த் தேடுவது?

ஒருநாள் அவரே சொன்னார். "கார வித்துடலாம். ஒத்தக் கையில என்னத்த கட்டறது?"

சுங்கை வே ஊரிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை லோரியோடு வருவதாக ஏற்பாடு. ஆனால் கார் மரக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு சக்கரத்துக்கு, அதைத் தாங்கிச் சுற்றவைக்கும் ஹப் மாட்டவில்லை. ஹப் இல்லாமல் சக்கரம் ஏறாது, சக்கரம் இல்லாமல் காரை உருட்டி லோரியில் ஏற்ற முடியாது.

"யாராவது மெக்கானிக்க கூப்புடு," என்றார்.

"எதுக்கு? நீங்க சொல்லுங்க, நான் மாட்டறேன்."

ஸ்பேனர் பிடித்தே அறியாதவள் நான். விற்பதற்காகவாவது அவர் ஒருநாள் அந்தக் காரின் பக்கத்தில் வந்து உட்காரட்டுமே என்றுதான் வாயை விட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழைய பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். ஹப் சுற்ற உதவும் புது பேரிங் ஃப்ரீஸரில் நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அது உட்கார வேண்டிய இரும்புக் கூடு, நான் கேக் சுடும் ஓவனுக்குள் வெந்துகொண்டிருந்தது. குளிரில் பேரிங் கொஞ்சம் சுருங்கும், சூட்டில் கூடு கொஞ்சம் விரியும், அப்போதுதான் சண்டை போடாமல் உள்ளே இறங்குமாம். வீடெல்லாம் கிரீஸ் நாற்றம். திட்டாமல் ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

கையுறை போட்டு, கூட்டை எடுத்து வந்து, பேரிங்கை வைத்தேன். 'டொக்' என்று இறங்கியது! நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். அவரும் லேசாகச் சிரித்தார். அது வெளியே வராமல் இருக்க ஒரு வளையத்தைப் பூட்டச் சொன்னார், பூட்டினேன். பிறகு ஹப்பை வைத்து, நீளமான போல்ட்டை நடுவில் நுழைத்து, இரண்டு பக்கமும் தடித்த வாஷர் போட்டு, நட்டை முறுக்க முறுக்க ஹப் மெல்ல உள்ளே போனது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சுற்றிவிட்டுப் பார்த்தோம். என்ன அழகாகச் சுற்றியது!

"பரவாயில்ல," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விருது.

தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். பாத்திரம் காயும் கூடையில், சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே, வட்டமான ஒரு இரும்புத் தகடு பளபளவென்று நின்றது. ஹப்புக்குப் பின்னால், தூசி போகாமல் மறைக்கும் தகடு. அழுக்காக இருந்ததே என்று முதல்நாள் நான்தான் கழுவிக் காயவைத்தேன். ஹப்பை மாட்டும் முன்னால் மாட்டியிருக்க வேண்டும். இனி ஹப்பை இழுத்தால் புது பேரிங்கும் பிய்ந்து வீணாகிவிடும்.

தகட்டோடு போர்ச்சில் போய் நின்றேன். பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"மறந்துட்டேன்," என்றார். "கை போச்சு. இப்ப மூளையும் போச்சு. வித்துடு, யாராவது எடுத்துட்டுப் போகட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"என்ன மூளை போச்சு? முன்னாடி மட்டும் ரொம்ப இருந்துச்சோ? காலையிலேர்ந்து தோள் கழண்டு போயிருக்கு எனக்கு! என் ஓவன் நாறுது! இத மொதல்ல மாட்டணும்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கேடு?"

அவர் நிமிர்ந்தார். கழுத்து சிவந்தது.

"இரும்புத் தகட்ட சோத்துத் தட்டோட காயவச்சா எவனுக்குத் தெரியும்? கண்ணு முன்னால இருந்தாதானே ஞாபகம் வரும்! உன்ன யாரு கழுவச் சொன்னது?"

"அழுக்கா இருந்தா கழுவத்தான் செய்வேன்!"

"கழுவு! கார் எஞ்சினையும் கொண்டுபோய் கழுவி கவுத்து வையி!"

அப்போதுதான் வந்திறங்கிய மகள் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அலாமாக்! அம்மா, மெதுவா லா!"

"நீ சும்மா இரு!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

கத்திக்கொண்டே அவர் நாற்காலியை விட்டு எழுந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். என் கையிலிருந்த தகட்டைப் பிடுங்கினார், இடது கையால். பலமிழந்த விரல்கள், ஆனாலும் விடவில்லை. அதைக் கார்மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்துச் சுங்கை வேக்காரரைக் கூப்பிட்டார்.

"பாஸ், நாளைக்கு வராதீங்க. கார் விக்கிறதுக்கில்ல. இல்ல பாஸ், வெல பிரச்சன இல்ல. என் பொண்டாட்டிக்கு இன்னும் ஒரு ஹப் ஒழுங்கா மாட்டத் தெரியல. பக்கத்துல நான் இருக்கணும்."

நான் சமையலறைக்குள் ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். இத்தனை மாதம் அடக்கிவைத்த அழுகை. அவர் வந்துவிட்டார், அவரேதான்.

"அடியே, எங்க போய்த் தொலஞ்ச? வந்து இந்த ஹப்ப கழட்டு!" என்று போர்ச்சிலிருந்து குரல் வந்தது.

"வரேன், கத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன்.