நான் எடுத்த சிவப்புப் பூ

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ், ஒன்றரை மணித்தியாலத்தில் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் வீதி இல்லை, கடல்தான். நெடுந்தீவுக்கும் படகு நிற்கிறது, நயினாதீவுக்கும் நிற்கிறது. எதில் ஏறுவது? தேநீர்க் கடையில் பத்து நிமிடம் யோசித்தேன். கொழும்பில் ஒரு சோடி செருப்பு வாங்கவே இரண்டு நாள் அலைபவள் நான். நயினாதீவுப் படகுக்காரர் முந்திக் கூப்பிட்டதால் அதில் ஏறினேன். கட்டணம் நூறு ரூபாய்.

பக்கத்தில் இருந்தவர் இராசாத்தி அக்கா. விடியற்காலைப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்தவர். மடியில் வாழையிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. எது எதிலென்று அவருக்கே தெரியாதபடி கலந்து வைத்திருந்தார்.

“பதினொரு மாடு நிக்குது, தங்கச்சி. கோடையிலை அதுகளுக்குத் தண்ணியில்லை. ரெண்டு கிணறு வெட்டிப் பாத்தம், ரெண்டும் உப்பு. வெள்ளை வந்தா மனுசன் சொல்லுற மேற்கு மூலையிலை மூண்டாவது வெட்டுறது. சிவப்பு வந்தா மாட்டை வித்துப்போட்டு, நானும் மனுசனும் வவுனியாவுக்குப் போறதுதான்.”

ஒன்பதரைக்கு நாகபூசணி அம்மன் சந்நிதியில் பொட்டலங்களை வைத்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீர் ஒண்டை எடும்.”

“ஐயரைக் கேளுங்கோ அக்கா!”

“அவருக்கு என்னைத் தெரியும், பாவம் பாப்பார். நீர்தான் தெரியாத ஆள்.”

இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். நூலை அவிழ்த்தார். செவ்வரத்தம் பூ, நல்ல சிவப்பு.

மதியம் அன்னதானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றதை எடுத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அக்காவோ இரண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் படகில் அவர் யாருக்கோ தொலைபேசினார். “அண்ணை, திங்கக்கிழமை ஆளுகளோடை வாங்கோ. கிணறு வெட்டுவம்.”

திகைத்துப்போனேன். “அக்கா, சிவப்பெல்லோ வந்தது?”

“ஓம். மனுசன் காட்டின மேற்கு மூலையிலை வெட்டலாமோ எண்டுதானே அம்மாளிட்டைக் கேட்டனான். வேண்டாம் எண்டுட்டா. கிழக்கு வேலியோடை எங்கடை தீவிலை திரியிற காட்டுக் குதிரையள் வந்து மேயிறதுகள். கோடையிலையும் அங்கை புல்லுப் பச்சை. கன நாளாப் பாத்துக்கொண்டு வாறன்.”

“அதையும் கேட்டிருக்கலாமே?”

“கேட்டு, அதுக்கும் வேண்டாம் எண்டுட்டா?” சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எனக்கும் பயம்தான், தங்கச்சி.”

குறிகட்டுவானில் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு நெடுந்தீவுப் படகில் ஏறினார். நான் எடுத்துக் கொடுத்த பூவை அன்று முழுதும் நான்தான் சுமந்திருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்று கிழமை கழித்து, கொழும்பில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

“தண்ணி வந்திட்டுது! கொஞ்சம் உவர்தான். தேத்தண்ணி வைக்க ஏலாது.”

“மாடுகளுக்கு?”

“பொறும், கேளும்.” தொலைபேசியை எங்கோ தாழப் பிடித்தார்.

எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக் குழாய் அத்தனை சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினேன். பிறகுதான் கேட்டது, தொட்டியில் வாய் வைத்து மாடுகள் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம்.