மணலில் படுத்துப் படம் எடுத்தவர்

தனுஷ்கோடிக் கடற்கரையில் நான் எடுத்த ஒரு படமும் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் அவள் குட்டையாகத் தெரிந்தாள். கல்யாண நாள் அதுவுமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காருக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னாள்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். உத்தரகோசமங்கைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தவர். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். மருமகனுடைய கறுப்புக் கண்ணாடி அவர் மூக்கில் நிற்காமல் வழுக்கியது.

"போனைக் குடுங்க தம்பி" என்று வாங்கியவர், கடல் பக்கம் கால் நீட்டி ஈர மணலில் குப்புறப் படுத்துவிட்டார்.

"ஐயோ, சேலை!" என்றாள் மனைவி.

"அது கெடக்கு தாயி. எங்க வீட்டுல எல்லாருமே குட்டை. கீழ கெடந்து எடுத்தாத்தான் பனைமரம் கணக்கா தெரிவோம். எங்கன போனாலும் நான் இப்படிப் படுத்துருவேன். ம், ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க!"

அலை அவர்மேல் ஏறிப் போனது. போனை மட்டும் உயர்த்திப் பிடித்தபடி, தலையெல்லாம் சொட்டச் சொட்டச் சிரித்தார். படத்தில் என் மனைவி மேகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்ப நான் உங்களை எடுக்கிறேன்" என்று அந்தக் குடும்பத்தையே நிறுத்திவைத்துவிட்டு, கடலில் கால் நனைக்கவே பயப்படுகிறவள் மணலில் நீட்டிப் படுத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் அலை வந்துகொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா அலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டில் விரலை வைத்தார். முன்பின் தெரியாத அவருக்கு நான் ஏன் அப்படிக் கட்டுப்பட்டேன் என்பது இன்றும் விளங்கவில்லை.