தீராத பழுதுக்குக் கூலி உண்டா?

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் சண்டை ஒன்றும் புதிதல்ல. ஆனால் மோட்டர் திருத்த வந்த ஒருவருக்காக நானும் கணவரும் பாதி நாள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வல்வெட்டித்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மகளின் கலியாணத்துக்கு நாள் குறிக்க, முதன்முதலாக எங்கள் ஊர் உரும்பிராய்க்கு வருகிறார்கள். பதினான்கு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. வியாழன் பின்னேரம் குழாயைத் திறந்தால்... தண்ணீர் இல்லை!

மோட்டர் என்னவோ ஓடுகிறது. ஐந்து நிமிடம் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. பிறகு வெறும் காற்று. மேலே தண்ணீர் டாங்கி வெறுமை. பதினான்கு பேருக்கும் வாளியால் அள்ளி ஊற்றியா சம்பந்தம் பேசுவது?

வெள்ளி காலை மோட்டர் திருத்தும் செல்வம் வந்தார். கோப்பாய்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பேச்சுக் குறைவு, வேலை அதிகம். கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். குழாயின் நுனியிலிருந்த வால்வைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார். சரிவரவில்லை. மோட்டரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகச் சாக்கில் பரப்பி, துடைத்துப் பூட்டினார். சரிவரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த பொருத்துகள் எல்லாவற்றுக்கும் திரும்பப் பசை பூசினார். ஆறு நிமிடம் தண்ணீர் — பிறகு காற்று!

மத்தியானம் இரண்டு மணி. ஆள் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தார். கிணற்றுக் கல் உரசி முழங்கையில் இரத்தம்.

"அக்கா, மோட்டரிலை ஒரு பிழையும் இல்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். எங்கையோ காத்து இழுக்குது. எங்கையெண்டுதான் எனக்குப் பிடிபடேல்லை."

"எவ்வளவு தம்பி?"

"வால்வு வாங்கின காசை மட்டும் தாங்கோ. வேலை சரிவரேல்லை, கூலி வேண்டாம்."

விறாந்தையில் இருந்த என் கணவரின் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கோ மனம் கேட்கவில்லை. வால்வுக் காசோடு ஒரு நாள் கூலியையும் எடுத்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினேன்.

"வேண்டாம் அக்கா, வெக்கமாக் கிடக்கு."

"நீங்கள் கிணத்துக்குள்ளை இறங்கினது பொய்யோ? பிடியுங்கோ தம்பி."

காசை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சண்டை வாசலிலேயே காத்திருந்தது.

"உமக்கென்ன விசரோ? வேண்டாமெண்ட ஆளுக்கு வலியப் போய்க் குடுக்கிறீர்! தண்ணி வந்ததோ?"

"வரேல்லை."

"பிறகென்னத்துக்குக் காசு? விடை வராத கணக்குக்கு ஆரும் புள்ளி போடுவினமோ?"

இவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இன்னும் வீட்டில் ரியூசன் நடத்துகிறவர். விடுவேனா?

"அப்ப, உங்களிட்டை ரியூசன் படிச்சுச் சோதினையிலை பெயில் விட்ட பிள்ளையளின்ரை காசை நீங்கள் திருப்பிக் குடுத்தனீங்களோ?"

அதற்குப் பிறகுதான் அந்த மௌனம்.

உண்மையைச் சொல்கிறேன். மாலையாக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கணவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே! கருகிய தோசைக்குக் கடையில் காசு கொடுப்பேனா? தைத்த சட்டை தோளில் ஏறாவிட்டால் தையல்காரருக்குக் கூலி கொடுப்பேனா? இரக்கத்தில் ஏமாந்துவிட்டேனா?

சனிக்கிழமை காலை கணவர் டவுனிலிருந்து வேறொருவரைக் கூட்டிவந்தார். மடிப்புக் கலையாத சேர்ட். சுவிட்சைப் போட்டார், ஒரு நிமிடம் காது கொடுத்தார். கொண்டுவந்த பையைத் திறக்கவேயில்லை.

"மோட்டர் முடிஞ்சுது சேர். புதுசு போடவேணும். என்னட்டை ஒண்டு நிக்குது, இண்டைக்கே பூட்டலாம்."

கணவர் காசெடுக்க உள்ளே திரும்பினார்.

"நில்லுங்கோ," என்றேன். "கழட்டிப் பாக்காமல் எப்பிடித் தெரியும்?"

"சத்தத்திலையே தெரியும் அம்மா."

ஒருவர் மோட்டரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, கூலியும் வேண்டாமென்று, அதில் பிழையில்லை என்கிறார். மற்றவர் தொடாமலே முடிந்துவிட்டது என்கிறார். அவரிடம் விற்பதற்கு ஒரு மோட்டரும் இருக்கிறது. யாரை நம்புவது?

வந்தவரை அனுப்பிவிட்டேன்.

"நாளைக்குச் சனம் வருகுது! தண்ணிக்கு என்ன செய்யப்போறீர்?" கணவர் தலையில் கைவைத்தார். நான் கிணற்றடிக்கு நடந்தேன்.

மோட்டரில் பிழையில்லை. தெரிந்த பொருத்துகளிலும் இல்லை. மிச்சம் என்ன? கண்ணுக்குத் தெரியாத குழாய்! கிணற்றிலிருந்து மோட்டர்க் கொட்டிலுக்கு வரும் குழாய், வளவுப் பாதைக்குக் குறுக்கே சாண் ஆழத்தில் மண்ணுக்குள் போகிறது. சரியாக அந்த இடத்தில், செம்மண்ணில் ஆழமாக ஒரு வண்டிச் சில்லுத் தடம்.

"இஞ்சருங்கோ... இதென்ன தடம்?"

கணவரின் முகம் மாறியது.

"அது... புதன்கிழமை வாழைக்கு எரு கொண்டுவந்து பறிச்ச ட்ரக்டர். நான்தான் உந்தப் பாதையாலை வரச் சொன்னனான்."

"செல்வத்துக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"மண்ணுக்குள்ளை பொருத்து ஏதும் இருக்கோ எண்டுதானே அவன் கேட்டவன்? இல்லையெண்டன். ட்ரக்டரைப் பற்றி அவன் கேக்கேல்லையே!"

மண்வெட்டியை நானே எடுத்தேன். நாலு வெட்டு, பிறகு கையால் கிளறினேன். குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது.

போன் பண்ணி அரை மணித்தியாலத்தில் செல்வம் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். வெடித்த துண்டை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்தி, பசை காயும்வரை காத்திருந்து சுவிட்சைப் போட்டார். ஐந்து நிமிடம்... பத்து... இருபது... டாங்கி நிரம்பி வழிந்து எங்கள் மூவரின் தலையிலும் கொட்டியது. யாரும் விலகவில்லை!

கணவர் நனைந்த கோலத்திலேயே உள்ளே போய்க் காசு கொண்டுவந்தார்.

"வேண்டாம் சேர். இது நேற்றையான் வேலைதானே? அதுக்கு அக்கா தந்திட்டா."

கணவர் விடவில்லை. "நேற்று அவ தந்தது. இண்டைக்கு நான் தாறன். ட்ரக்டர் வந்ததைச் சொல்லாத பிழை என்னிலை." கணித ஆசிரியர் தன் விடை பிழை என்று ஒப்புக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். அதற்காகவே இன்னொரு முறை பைப் வெடித்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சிறப்பாக நடந்தது. ஆவணியில் கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. சாப்பிட்டுக் கை கழுவிய சம்பந்தியம்மா கேட்டார்:

"என்ன பாய்ச்சலாத் தண்ணி வருகுது! எங்கடை மோட்டரும் ஒரு கிழமையா இழுபறிதான். ஆரும் நல்ல ஆள் இருக்கினமோ?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"ஒருத்தர் இருக்கிறார். தங்கமான வேலைக்காரன். நம்பர் தாறன்."

தீராத பழுதுக்குக் கூலி கொடுக்கலாமா? பையையே திறக்காதவருக்கு வேண்டாம். மனமாரப் பாடுபட்டவருக்குக் கொடுத்துவிடுங்கள் — பழுது எங்கேயும் ஓடிவிடாது, நல்ல வேலைக்காரன் போனால் வரமாட்டான்!