பத்துக்கு எட்டு முறை திரும்புகிறாள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு வாசகி போன் செய்தார். மாமல்லபுரத்தில் இருப்பவர். மகனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். வீட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தெரபி சென்டர் திறந்திருக்கிறார்களாம். சேர்க்கலாமா?

"உள்ள உட்கார்ந்து பார்க்க விடுவாங்களா?" என்று கேட்டேன். "தெரபிஸ்ட் வாரத்துக்கு எத்தனை நாள் வர்றாங்க? என்ன படிச்சிருக்காங்க? நீங்க அவங்களை நேர்ல பார்த்தீங்களா?"

அதற்கு அவர் சொன்னார்: "மேடம், நீங்க ரொம்ப சந்தேகப்படறீங்க."

உண்மைதான். ஆனால் நான் பிறக்கும்போதே இப்படி இல்லை. எப்படி இப்படி ஆனேன் என்பதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை — வெட்கம்தான் காரணம்.

என் மகள் வெண்பாவை, தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஆறு வயது. அவளுக்கும் ஆட்டிசம். இன்னும் பேசவில்லை. நாங்கள் இருப்பது அணுபுரத்தில். முன்பெல்லாம் தெரபி என்றால் சென்னைதான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் முக்கால் மணி நேரம் தெரபி. பஸ் ஹாரன் சத்தத்துக்கே வழியெல்லாம் அழுவாள்.

ஆகவே, போன வருடம் பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் ஒரு சென்டர் வந்ததும் போர்டைப் பார்த்தே சேர்த்துவிட்டேன். ஏசி ஹால். சுவரெல்லாம் கார்ட்டூன். நடத்துபவர் டை கட்டியிருந்தார். "பேரன்ட்ஸ் உள்ள வந்தா குழந்தைக்கு கவனம் சிதறும் மேடம்" என்றார். நியாயமாகத்தானே பட்டது?

மூன்றாவது மாதம் ரிப்போர்ட் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில், நான்கு பக்கம். அதில் ஒரு வரி: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துக்கு எட்டு முறை திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன்... கணவருக்கு வாசித்துக் காட்டினேன். திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். ஓரிடத்தில் 'ஷீ' என்பதற்குப் பதில் 'ஹீ' என்று இருந்தது. டைப்பிங் மிஸ்டேக் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் நான் கூப்பிட்டால் வெண்பா ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? என் குரலில்தானே? பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தி அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். பெற்ற மகளுக்கே பிடிக்காத குரல் நமக்கு வாய்த்துவிட்டதே என்று அழுதும் இருக்கிறேன்.

சென்டர் வாசலில் என்னோடு காத்திருப்பவள் செல்வி. சதுரங்கப்பட்டினத்துக்காரி. காலையில் மீன் விற்று முடித்து, குளித்துவிட்டு, மகன் கதிரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவனுக்கு ஐந்து வயது. ஒரு நாள் அவனுடைய ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதுல இன்னா எழுதிகீதுன்னு கொஞ்சம் படிச்சு சொல்லேன்."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "தினமும் இருபது நிமிஷம் தண்ணில விளையாடறான்..."

"நிறுத்துக்கா. தண்ணில வெளையாட்றானா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"என் புள்ள தண்ணியப் பாத்தா சட்டையோட போயி அதுல உக்காந்துக்குவான். இங்க வந்து மூணு மாசம் ஆவுது. ஒரு நாளாச்சும் சட்ட நனைஞ்சி வெளிய வந்துகீறானா? எனக்கு மொதல்லருந்தே டவுட்டுதான்க்கா. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு இன்னா தெரியும்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

என் கண் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. பத்துக்கு எட்டு முறை திரும்பிப் பார்க்கிறாள் — கதிரின் ரிப்போர்ட்டில், ஆண் பிள்ளைக்கு, 'ஷீ' என்று.

போனில் இருந்த வெண்பாவின் ரிப்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அதேதான். பெயரும் வயதும் மட்டும் வேறு.

"உள்ள போயி பாத்துடணும்க்கா" என்றாள் செல்வி.

"விட மாட்டாங்களே."

"நீ அந்த டை கட்ன ஆளுகிட்ட இங்கிலீஷுல பேசிக்கினே இரு. நான் போயிடறேன்."

பேசினேன். வாழ்நாளில் அவ்வளவு ஆங்கிலம் பேசியதில்லை. ஸ்கூல் அட்மிஷன், அடுத்த வருடத் திட்டம், எனக்கே அர்த்தம் தெரியாத சில வார்த்தைகள்... அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் செல்வி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கதிர் அவள் இடுப்பில் இருந்தான். யார் தொட்டாலும் விலகிக்கொள்ளும் வெண்பா, செல்வியின் முந்தானை நுனியைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தாள்.

"டீவி ஓடிக்கினு கீதுக்கா. அஞ்சு புள்ளைங்க, அஞ்சு சேரு. எல்லாத்தையும் பெல்ட்டு போட்டு உக்கார வெச்சிகீறாங்க. தெரபிக்குன்னு வெச்ச ஊஞ்சல் மேல பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல."

செல்வி குரலை உயர்த்தவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். மற்ற மூன்று குழந்தைகளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் சேஃப்டிக்குத்தான் மேடம்" என்றார் அவர். "நீங்க டவுட்டோட அனுப்பினா தெரபி வொர்க் ஆகாது. பாஸிட்டிவ்வா இருக்கணும்." பிறகு செல்வி பக்கம் திரும்பி, "ஏம்மா, உன்ன யாரு உள்ள போகச் சொன்னது?" எனக்கு மேடம். அவளுக்கு ஏம்மா.

"என் புள்ளய கட்டி வெச்சிட்டு, என்ன நம்பச் சொல்றியா நீ?" என்று கேட்டாள் செல்வி. அவர் டையைச் சரி செய்துகொண்டார்.

மற்ற மூன்று அம்மாக்களுக்கும் அன்றே சொன்னோம். ஐந்து பேரும் சேர்ந்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மூடச் சொன்னார்கள். இப்போது அதே ஹாலில் அபாகஸ் வகுப்பு நடக்கிறது. டை கட்டியவர் இந்தக் கடற்கரையோரம் இன்னொரு ஊரில், இன்னொரு பெயரில் போர்டு மாட்டியிருப்பார் என்றுதான் என் மனதுக்குப் படுகிறது. மாமல்லபுரம் வாசகியிடம் அத்தனை கேள்வி கேட்டதற்கு அதுவும் காரணம்.

சரி, மூடியாயிற்று. குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது? நான்கு மாதம் வெண்பாவும் கதிரும் வீட்டில்தான் இருந்தார்கள். விசாரித்து விசாரித்து, கடைசியில் செங்கல்பட்டில் ஒரு தெரபிஸ்ட் அம்மா கிடைத்தார். செல்வியும் நானும் போனோம். ஒற்றை அறை, ஒரு ஃபேன், வாசலில் போர்டுகூட இல்லை. எனக்கு அதிலும் சந்தேகம். சர்டிஃபிகேட்டைக் கேட்டேன். அவர் எதிரிலேயே பதிவு எண்ணை போனில் சரிபார்த்தேன். "நல்லாப் பார்த்துக்குங்க" என்று காத்திருந்தார்.

"நாங்க எங்க உட்காரணும்?"

"இங்கதான். நீங்க பார்க்கலைன்னா வீட்ல யார் செய்வாங்க?"

செல்வி கேட்டாள்: "என் புள்ள பேசுவானா மேடம்?"

"தெரியாதும்மா" என்றார் அவர். "தண்ணி வேணும், பசிக்குதுன்னு உங்களுக்குத் தெரிவிக்க வழி பண்ணலாம். பேச்சு வரும்னு இப்பவே சொன்னா அது பொய்."

திரும்பும்போது பஸ்ஸில் செல்வி அழுதாள். கொஞ்ச தூரம் போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவங்ககிட்டயே வரலாம்க்கா" என்றாள்.

ஏழு மாதம் ஆகிறது. தாகம் எடுத்தால் கதிர், டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டுகிறான். வெண்பா, நான் கூப்பிட்டு இதுவரை மூன்று முறை திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

போன சனிக்கிழமைகூட, ஒரு பயிற்சி எதற்கென்று அந்தத் தெரபிஸ்ட் அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

என் சந்தேகம் ஒன்றும் போய்விடவில்லை... அதற்குக் கோபித்துக்கொள்ளாத ஒருவர் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.