வீட்டில் நாற்காலி இல்லையா?

என் வீட்டுக்காரர் சினிமா பார்த்துத் திட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பத்திரிகை ஆபீசில் அவருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். சட்டைப் பித்தான் அறுந்தால் தைத்துக்கொள்ளத் தெரியாது. ஆனால் நூறு பேர் சேர்ந்து எடுத்த படத்தில் எந்த இடத்தில் தையல் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தியேட்டரில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவார். நான் கூந்தலைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தது, என் அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் பேப்பர். தட்டில் பழைய செருப்பை வைத்தாலும் உப்பு கம்மி என்றுதான் சொல்வார்.

அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், போருக்குப் போய்த் திரும்பி எங்களோடுதான் இருக்கிறார். வந்த நாளிலிருந்து மேசைக்கு வந்ததே இல்லை. அடுப்படியில், பின்வாசலைப் பார்த்தபடி, நின்றுகொண்டே சாப்பிடுவார். அவர் வருகிறார் என்றுதான் பெரிய மேசையாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். ஒரு வேளையாவது மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. கூப்பிட்டால், அப்புறம் பார்க்கலாம் அண்ணி என்பார்.

இந்த லட்சணத்தில் ஒரு படம் வந்தது. போரிலிருந்து திரும்பியவன், அவன் குடும்பம், அவ்வளவுதான் கதை. குண்டு வெடிக்காது, பாட்டு கிடையாது, யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவன் சமையலறையில் நின்றபடி சாப்பிடும் காட்சி மட்டும் நெடுநேரம் ஓடுகிறதாம். விமர்சகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேரறுந்த தலைமுறையின் குறியீடு என்றார் ஒருவர். நிற்பது மனிதனல்ல, தேசம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தட்டு வட்டமாக இருப்பதைக் கண்டுபிடித்து, வரலாறு சுழல்கிறது என்று ஒரு பத்தியை ஒப்பேற்றியிருந்தார். என்னவர் சும்மா இருப்பாரா? எந்த வீட்டில் இப்படியெல்லாம் நடக்கிறது என்று ஆரம்பித்து, ‘வீட்டில் நாற்காலி இல்லையா?’ என்று தலைப்பே போட்டுவிட்டார்.

மறுநாள் காலைப் பேப்பரில் அதைப் பார்த்தேன். கொழுந்தன் எனக்கு முன்பே எழுந்து படித்துவிட்டிருந்தார். இனி அடுப்படிக்கும் வராமல் அறையிலேயே முடங்கிவிடுவாரோ என்று பயம். மேசைக்குப் போய் என்னவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கினேன்.

“ஏங்க, உங்க தம்பி எப்படிச் சாப்பிடறார்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?”

எல்லாரையும் மாதிரிதான் என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையைப் பிடித்து இழுத்துப் போய் அடுப்படி வாசலில் நிறுத்தினேன். கொழுந்தன் தட்டும் கையுமாக நின்றிருந்தார். கத்தரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏண்டா நின்னுட்டுச் சாப்பிடற?” என்று கேட்டார், கேட்டிருக்க வேண்டிய காலமெல்லாம் போன பிறகு.

“குண்டு விழுந்தப்ப உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தவங்க யாரும் எந்திரிக்கலண்ணே. நான் தண்ணி எடுக்க எந்திரிச்சிருந்தேன்.” கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதுலருந்து உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது.”

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். என்னவர் மேசைக்குத் திரும்பினார். மறுபடி பேப்பருக்குள் ஒளியப் போகிறார் என்று நினைத்தேன். தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். நின்று சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனுஷன். பாதி வாயில், பாதி சட்டையில்.

கொழுந்தன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். “படம் நிஜமாவே அவ்வளவு மோசமாண்ணே?”

“தெரியலடா. இன்னொரு தடவை பாக்கணும்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் ‘தெரியல’ என்ற சொல்லை நான் கேட்டதில்லை. என் தட்டையும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அந்த அடுப்படி மூன்று பேருக்குப் போதாது. முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது. நான் ஆசை ஆசையாக வாங்கிய மேசை, அவர் போட்டுவிட்டு வந்த பேப்பரோடு கூடத்தில் தனியாகக் கிடந்தது.