கல் இல்லாதபோதும் வரும் சத்தம்

கல்லுக்குள் யுரேனியம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அப்போது எனக்கு உத்தியோகம். பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்து ஓடைகளில் கிடக்கும் பாஸ்பேட் உருண்டைகளைப் பொறுக்கி வந்து, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியின் குழாயைப் பக்கத்தில் வைப்பேன். டிக் டிக் என்று சத்தம் வரும். கல்லில் யுரேனியம் கூடக்கூட சத்தமும் நெருக்கமாகும். ஆனால் கல்லே இல்லாவிட்டாலும் அந்தச் சனியன் மெதுவாகச் சொடுக்கிக்கொண்டுதான் இருக்கும். மண்ணிலும் சுவரிலும் வானத்திலும் கொஞ்சம் கதிர் உண்டு. அதனால் வெறும் காற்றையும் அளந்து கழித்துவிட வேண்டும்.

ஊரில் அதற்குப் புதையல் மிஷின் என்று பெயர். என் மனைவியோ, "பொண்டாட்டி சொன்னா காதுல ஏறாது, கல்லு சொன்னா மட்டும் கேப்பீங்க" என்பாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு போட வந்தவள், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"காலைலேர்ந்து புள்ள அசையலங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகப் பெரம்பலூர் பஸ் வர நேரமிருந்தது. மூலையிலிருந்த கருவியைக் காட்டினாள். "அத வயித்துல வச்சுப் பாருங்களேன்."

அவள் படித்தவள்தான். பயத்துக்குப் படிப்பு ஏது? வைத்தேன். டிக்... டிக் டிக்... டிக்.

"கேக்குதுங்க! உசுரு இருக்கு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கருவியோடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய எனக்கே ஒரு நொடி நெஞ்சு துள்ளியது.

பிறகு, பழக்கதோஷம், கை தானாகக் குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. அதே சத்தம்.

"சுவத்துக்கும் இப்படித்தான் வருமாங்க?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். கருவியை மூலையில் வைத்துவிட்டு அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவே இல்லை. கல்தான் காவு வாங்கிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். அந்தக் கல்லில் அந்த அளவுக்கு ஒரு மண்ணும் இல்லை. தாய்க்குக் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள். நான் காட்டினேன். என்ன அழகான நெற்றி! இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் துடித்தாள். மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்றார் நர்சம்மா. கடைத்தெருவுக்கு ஓடினேன்.

பூக்காரம்மா என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "புதுசா கல்யாணம் ஆனவரா சார்? இந்தாங்க, வூட்டம்மாவுக்கு" என்று ஒரு முழம் சேர்த்தே கொடுத்தாள்.