மேல் வயலுக்கு ஏறிய மீன்கள்

மன்னார்குடியில் பெட்டியைக் கட்டும்போதே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "நெல் விளையுற ஊர்லேருந்து நெல்லு பாக்க ஊர் ஊராப் போறவ நீ ஒருத்திதான்." நெல் பார்க்க இல்லை, நெல்லுக்குள் மீன் பார்க்க என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. போய்யா என்று பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் இறங்கினேன். அங்கிருந்து பூதப்பாண்டிக்கு டவுன் பஸ், பத்து கிலோமீட்டர் இருக்கும். பிறகு ஆட்டோ, எண்பது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், ம்ஹூம். "மீனு வயலுக்கா அக்கா? வயலைத் தோண்டிக் குளமாக்கி வச்சிருக்காவ. பாத்துப் பைய நடங்க" என்றார் ஓட்டுநர்.

வயல்காரி லீலாபாய். பயிற்சி முகாம் ஒன்றில் எனக்குப் பழக்கமானவர். கணவர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார்; விவசாயம் முழுக்க இவர் பொறுப்பு. மழைக்காலத்துக் கும்பப்பூ நெல் முழங்கால் உயரம் நின்றது. மூன்று பக்கமும் வரப்பை ஒட்டி இடுப்பளவுக் குழி. வெயிலில் மீன் குழிக்குள் இறங்கிவிடும், வெயில் தாழ்ந்ததும் பயிருக்குள் மேயப் போகும். லீலாபாய் ஒரு பிடி தவிட்டை வீசினார். தண்ணீரெல்லாம் வாய்! எம்மாடி என்று கத்தியேவிட்டேன்.

காப்பி குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். இங்கே ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மடை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. மேல் வயல் தாணுலிங்கம் என்பவருடையது. போன பூவில், அதாவது போன சாகுபடியில், அவர் பூச்சிமருந்து அடித்த அன்றைக்கு மழை. மடையை அடைத்தும் பயனில்லை, வரப்புக்கு மேல் வழிந்து வந்து மீனெல்லாம் செத்து மிதந்தது. "இந்த வாட்டியும் போச்சுன்னா குழிய மூடிட்டு வயலப் பாட்டத்துக்கு, குத்தகைக்கு விட்டுருன்னு மஸ்கட்டுலேருந்து அவரு சொல்லியாச்சு அக்கா. பொறவு நான் வரப்புல நின்னு வேடிக்கைதான் பாக்கணும்" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஐந்து மணிக்குத் தாணுலிங்கமே வந்தார். அறுபது வயதிருக்கும், சுத்த சைவம். குழியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"லீலா, இலையெல்லாம் சுருண்டு போச்சு. நாளைக்கு மருந்தடிக்கேன். மடைய அடைச்சுக்க."

"அண்ணாச்சி, மீனப் பிடிக்கது வர பொறுக்கப்பிடாதா?"

"எனக்க பயிரப் பூச்சி தின்னா நீயா நெல்லு தருவே?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது. நான் நன்றாகத் தூங்கிவிட்டேன், லீலாபாய் தூங்கவில்லை என்று காலையில் முகமே சொன்னது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வயலுக்குப் போனோம். மடையில் கட்டியிருந்த வலையை வெள்ளம் பிய்த்திருந்தது. லீலாபாய் தவிட்டை வீசினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வாய் திறந்தது. புது வெள்ளம் விழுந்தால் மீன் எதிர்த்து ஏறும் என்று எனக்கும் தெரியும். எங்கே ஏறியிருக்கிறது? மருந்தடிக்கப் போகும் வயலுக்கே! "சவத்த, இதுகளுக்குப் போக வேற இடமே கெடைக்கலியா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மீனைப் பிடித்துவர வேறு வலை எடுக்க வீட்டுக்கு ஓடினோம். திரும்புவதற்குள் வெயில் வந்துவிட்டது. தாணுலிங்கம் முதுகில் மருந்துப் பம்போடு வரப்பில் நின்றார்.

"அண்ணாச்சி, அடிச்சிராதீய!"

"கத்தாத. ஓடிரும்."

அவர் குனிந்து தன் பயிருக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கெண்டை துள்ளி இலையைத் தட்டியது. விழுந்த புழுவை இன்னொன்று கவ்வியது. நெடுநேரம் கழித்துப் பம்பை இறக்கி வரப்பில் வைத்தார்.

"தின்னாதவன் கொன்னா அது இன்னும் பாவம்லா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

லீலாபாய் வலையோடு இறங்கப் போனார். "பயிர மிதிக்காத! இஞ்சயே நிக்கட்டு. புழுவத் தின்னுகுல்லா?" என்று தாணுலிங்கம் அதட்டினார்.

பதினொரு மணிக்கு நான் வயலிலிருந்து கிளம்பும் நேரம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. லீலாபாய் ஒலிபெருக்கியில் போட்டு மழை, வலை, மீன் எல்லாம் சொன்னார். மறுமுனையில் பெருமூச்சு. "போவட்டும், விடு. ஆளக் கூட்டிக் குழிய மூடு."

வரப்பில் உட்கார்ந்திருந்த தாணுலிங்கம் எழுந்து வந்து போனை வாங்கினார்.

"ஏலே, நான் தாணுலிங்கம் பேசுகேன். குழிய மூடப்பிடாது."

"அண்ணாச்சி, நீங்கதானே மொதல்லயே குழி வேண்டாம்னு..."

"அது அப்போ. கதிரு முத்துனா நான் வயல்ல நிக்க வெள்ளத்த வடிக்கணும்லா? அன்னைக்கு இதுக எங்கலே போவும்? உனக்க குழிக்குத்தானே எறங்கணும்?" லீலாபாயை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பொறவு உனக்க பொண்டாட்டி அதுகள என்ன செய்யான்னு எனக்குத் தெரியாண்டாம்."

லீலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று கேட்டால் இரண்டும்தான்.

வடசேரியில் ஊருக்குப் பஸ் ஏறியதும் வீட்டுக்காரர் கூப்பிட்டார். எங்கள் வயலுக்கு நாளைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியாயிற்றாம். எத்தனை வருஷமாக அடிக்கிறோம். கீழ் வயல்காரரிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறோமா? நான் வரும்வரை பம்பைத் தொடாதீர்கள் என்றேன். ஏன் என்றார். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.